கதை எங்கே இடறுகிறது? புதிதாக எழுதுகிறவர்கள் தம் பிரதியைத் தாமே சோதித்துத் திருத்தும் வழிமுறை

சிறுகதை, நாவல் பிரதிகளைப் படித்துச் செம்மைப்படுத்தும் வேலையில் இருப்பதால், முதன்முறையாக எழுதுகிறவர்களின் பிரதிகள் நிறையவே என் மேசைக்கு வந்திருக்கின்றன. எழுதியவர் வேறு, ஊர் வேறு, கதை வேறு என்றாலும் பழுதுகள் பெரும்பாலும் அதே பழுதுகள்தான். "கதை சரியில்லை" என்று யாராவது சொன்னதும், ஒரு பத்தியை வெட்டினால் தீர்ந்திருக்கக்கூடிய சிக்கலுக்காக முழுக் கதையையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதத் தொடங்குகிறவர்கள் உண்டு. கதையே தவறான இடத்தில் தொடங்கியிருக்க, ஒற்றுப் பிழைகளை மட்டும் தேடித் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று நிம்மதி அடைகிறவர்களும் உண்டு. ஆகவே இந்த வழிமுறையை அறிகுறிகளின்படி பிரித்திருக்கிறேன். உங்கள் பிரதியில் தென்படும் அறிகுறிக்குரிய தலைப்புக்குச் சென்று, செலவு குறைந்த காரணத்திலிருந்து செலவு மிகுந்த காரணத்தை நோக்கிச் சோதித்துக்கொண்டு வாருங்கள். செலவு என்று இங்கே சொல்வது பணத்தை மட்டுமன்று, மறுபடி எழுத வேண்டிய பக்கங்களையும் சேர்த்துத்தான்.

தொடங்கும் முன் கோப்பின் நகல் ஒன்றைத் தேதியிட்டுத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்த பிறகு குறைந்தது இரண்டு வாரமாவது பிரதியைத் திறக்காமல் இருப்பது நல்லது. முடிந்தால் அச்சிட்டு, முடியாவிட்டால் எழுத்துருவையும் அளவையும் மாற்றி, வேறு யாரோ எழுதியது போலத் தோன்றும்படி செய்துகொண்டு படியுங்கள். பல அறிகுறிகள் ஒரே நேரத்தில் இருந்தால் கீழே உள்ள வரிசையையே பின்பற்றலாம், ஏனெனில் நாளை வெட்டி எறியப்போகும் பக்கத்தில் இன்று ஒற்றுத் திருத்துவது வீண் உழைப்பு.

அறிகுறி: எழுத்துகள் உடைகின்றன, கண்ணெதிரே இருக்கும் சொல் தேடினால் கிடைக்கவில்லை

மொழியோடு தொடர்பில்லாத இந்தப் பழுதை முதலில் வைப்பதற்குக் காரணம், இது தீராமல் பின்னால் வரும் தேடல் சோதனைகள் எதையும் நம்ப முடியாது என்பதுதான்.

மிக எளிய காரணம், தட்டும் பழக்கம். 'கௌரவம்' என்பதில் வரும் ஔகாரக் குறியைத் தட்டாமல் ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியே தட்டுகிறவர்கள் ஏராளம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். 'கெள', 'மெள', 'பெள' ஆகியவற்றைத் தேடி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒட்டுமொத்தமாக மாற்றும் கட்டளையைக் கொடுத்தால் மீன்குழம்புக் காட்சியில் இருக்கும் கெளுத்தி மீன் பாழாகிவிடும்.

அடுத்த காரணம், பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியதை யூனிகோட் எனப்படும் ஒருங்குறிக்கு மாற்றியபோது நேர்ந்த சிதைவு. 'ர்' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் அதன்மேல் ஒரு புள்ளியும் அமர்ந்திருப்பது இதன் அடையாளம். 'அவர்' என்று தேடிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் 'அவர்'களில் சிலவற்றைத் தேடல் தாண்டிச் சென்றால் இந்தச் சிதைவு இருக்கிறது என்று பொருள். ஓரிரு இடங்கள் என்றால் கையால் திருத்தலாம். கொம்புகள் எழுத்துக்கு முன்னும் பின்னுமாக இடம் மாறிப் பக்கம் முழுவதும் சிதறியிருந்தால், மூலக் கோப்பைத் தேடியெடுத்து வேறொரு மாற்றி மென்பொருளில் மறுபடி மாற்றுவது விரைவாக முடியும். மூலக் கோப்பும் இல்லை என்றால் தட்டச்சு செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள். 200 பக்கத்தை நீங்களே கொம்பு கொம்பாகச் சரிசெய்ய உட்கார்ந்தால் கதையின் மீதே வெறுப்பு வந்துவிடும்.

இங்கே இன்னொரு எச்சரிக்கையும் தேவை. பாத்திரத்தின் பெயரை மாற்றும்போது தமிழில் ஒட்டுமொத்த மாற்றம் பெரும்பாலும் தவறிழைக்கும். 'செல்வி'யை 'மலர்' என்று மாற்றினால் 'செல்வியை' என்பது 'மலர்யை' என்றும், 'செல்வியிடம்' என்பது 'மலர்யிடம்' என்றும் ஆகும். 'ராமன்' என்று தேடினால் 'ராமனை', 'ராமனுக்கு' ஆகியவை அகப்படவே மாட்டா. 'ராம' என்று அடிச்சொல்லைத் தேடி ஒவ்வோர் இடத்தையும் கண்ணால் பார்த்து மாற்றுவது ஒன்றே வழி.

அறிகுறி: படிப்பவர் முதல் இரண்டு பக்கங்களிலேயே நின்றுவிடுகிறார்

முதல் சோதனைக்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். முதல் பத்தியை மறைத்துவிட்டு இரண்டாம் பத்தியிலிருந்து படியுங்கள். அடுத்து முதல் பக்கம் முழுவதையும் மறைத்துவிட்டுப் படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் மறைத்த பகுதி எழுதுகிறவர் கை பழகுவதற்காக எழுதிக்கொண்டது. வானத்தின் நிறம், கடிகாரம் அடிப்பது, கதாநாயகன் விழித்தெழுந்து சோம்பல் முறிப்பது, பேருந்தின் ஜன்னலோர இருக்கை ஆகியவற்றில் தொடங்கும் பிரதிகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் அகப்பட்டுவிடும். வெட்டிய பத்தியில் இருந்த ஒரேயொரு தேவையான தகவலை, அது எதுவாயினும், பின்னால் ஒரு சொல்லாகச் செருகிக்கொள்ளலாம்.

வெட்டிய பிறகும் வாசகர் நின்றால் பெயர்களை எண்ணுங்கள். முதல் பக்கத்திலேயே முருகேசன், முத்துசாமி, முனியம்மா, முத்துலட்சுமி என்று நால்வர் வந்துவிட்டால் யார் யாருக்கு என்ன உறவு என்று வாசகர் கணக்குப் போட வேண்டியிருக்கும். இருவரைப் பின்னுக்குத் தள்ளுங்கள், ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களை மாற்றுங்கள்.

இதுவும் பயனளிக்காதபோதுதான் செலவு மிகுந்த காரணத்தைச் சந்தேகிக்க வேண்டும்: கதை தவறான நாளில் தொடங்குகிறது. திருமணம் நின்றுபோன கதையைப் பெண் பார்க்கும் படலத்திலிருந்து தொடங்கியிருப்பீர்கள்; உண்மையான தொடக்கம் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த நாளாக இருக்கக்கூடும். இதைக் கண்டுபிடிக்க, கதையை அறியாத ஒருவரிடம் அதை வாயால் சொல்லிப் பாருங்கள். நேரில் சொல்லும்போது நீங்கள் இயல்பாக எங்கே தொடங்குகிறீர்களோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நன்றாகத் தொடங்கிய கதை நடுவில் தொய்கிறது

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'சென்று தேய்ந்து இறுதல்' ஒன்று. அதே பட்டியலில் இருக்கும் 'கூறியது கூறல்', 'மற்றொன்று விரித்தல்' ஆகிய இரண்டும்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம் என்பது என் அனுபவம்.

காட்சிக்கு ஒரு வரி வீதம் ஒரு தாளில் எழுதுங்கள். வரியில் யார், எங்கே என்பவற்றைவிட என்ன மாறியது என்பதே முக்கியம். 'அப்பாவும் மகனும் சண்டையிடுகிறார்கள்' என்னும் வரி மூன்று முறை வந்திருந்தால், மூன்றில் எது வலுவானதோ அதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடலாம். என்ன மாறியது என்று எழுதவே முடியாத காட்சிகளுக்கு அருகில் ஒரு கேள்விக்குறி இடுங்கள். அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் பின்னால் வரும் எந்தக் காட்சியாவது புரியாமல் போகுமா என்று பாருங்கள். போகாது என்றால் அது மற்றொன்று விரித்தல். அழகாக எழுதப்பட்ட பக்கமாக அது இருக்கலாம், அதனால்தான் எழுதியவரால் அதை வெட்ட முடிவதில்லை. வேறொரு கோப்பில் சேமித்து வைத்துக்கொண்டால் வெட்டும் மனம் வரும்.

அடுத்ததாக நினைவோட்டங்களைப் பாருங்கள். நிகழ்காலத்தில் ஒருவர் காப்பித் தம்ளரைக் கையில் எடுக்கிறார், ஆறு பக்கம் பழைய நினைவு ஓடுகிறது, பிறகு அவர் அந்தக் காப்பியைக் குடிக்கிறார். இத்தகைய அமைப்பு இரண்டு முறைக்கு மேல் வந்தால் உங்கள் கதை உண்மையில் அந்தப் பழைய காலத்தில்தான் நடக்கிறது. அதை அங்கேயே நேரடியாக எழுதுவது பெரிய வேலைதான். அந்த முடிவுக்கு வருமுன், கூச்சமின்றிப் பேசக்கூடிய இரண்டு வாசகர்களிடம் கொடுத்து, எந்தப் பக்கத்தில் கைப்பேசியை எடுத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். இருவரும் ஒரே பகுதியைச் சொன்னால் மறுபடி எழுதத் தொடங்கலாம். எப்படித் திருத்த வேண்டும் என்றும் அவர்கள் சேர்த்துச் சொல்வார்கள். நன்றியுடன் கேட்டுக்கொண்டு, நின்ற இடத்தை மட்டும் குறித்துக்கொள்வது என் வழக்கம்.

அறிகுறி: முடிந்த பிறகும் கதை பேசிக்கொண்டிருக்கிறது

கடைசிப் பத்தியை மறைத்துப் படியுங்கள். பத்துப் பிரதிகளில் ஏழெட்டில் அதுவே தீர்வு. 'அவனுக்கு அப்போதுதான் புரிந்தது' என்ற தொடர் கடைசிப் பக்கத்தில் எங்கேனும் இருந்தால் அதற்குப் பின்னால் உள்ளவற்றையும் சேர்த்து மறைத்துப் பாருங்கள்.

அறிகுறி: வயதும் காலமும் உதைக்கின்றன

எளிய காரணம் கூட்டல் பிழை. பாத்திரங்களின் பெயரை ஒரு பக்கமும் ஆண்டுகளை மேலேயும் எழுதி ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொருவருக்கும் எந்த ஆண்டில் என்ன வயது என்று நிரப்பினால், தன் அம்மாவைவிட ஒன்பது வயது மட்டுமே இளைய மகள் உடனே தென்படுவாள்.

அடுத்தது, காலத்துக்கு ஒவ்வாத பொருள்கள். 1965இல் நடக்கும் கதையில் 'தமிழ்நாடு அரசு' என்ற முத்திரையோடு கடிதம் வரக்கூடாது. மாநிலத்தின் பெயர் சட்டப்படி மாறியது 1969 ஜனவரி 14 அன்றுதான். 1970இல் ஒருவர் பிளஸ் டூ தேர்வு எழுதியதாகவும் ஒரு பிரதியில் படித்திருக்கிறேன். அந்தப் படிப்பு இங்கே 1978இல்தான் வந்தது, அதற்கு முன் பள்ளியிறுதி முடித்தவர்கள் கல்லூரியில் பி.யு.சி. படித்தார்கள். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல். இந்தியாவில் கைப்பேசிச் சேவை தொடங்கியது 1995இல். எழுதும் வேகத்தில் இவையெல்லாம் மறந்துபோவது இயல்பு. ஆகவே பிரதியில் உள்ள அலுவலகம், படிப்பு, நாணயம், வாகனம், தொலைபேசி ஆகியவற்றைத் தனியே பட்டியலிட்டு ஒவ்வொன்றின் ஆண்டையும் சரிபார்க்க வேண்டும்.

இயற்கை செய்யும் பிழைகளும் உண்டு. தீபாவளி இரவில் முழுநிலா காய்ந்ததை நான் ஒரு முறைக்கு மேல் வெட்டியிருக்கிறேன். தீபாவளி தேய்பிறையின் இறுதியில், அமாவாசையை ஒட்டி வருவது. பங்குனி, சித்திரையில் பூக்கும் வேம்பு ஐப்பசி மழையில் பூச்சொரிந்தால் ஊர்ப்புற வாசகர் அங்கேயே உங்களை நம்புவதை நிறுத்திவிடுவார். ஊர், தொழில், சடங்கு ஆகியவை கதையின் முதுகெலும்பாக இருந்து, அவற்றில் நீங்கள் வாழ்ந்தவர் அல்லர் என்றால், வாழ்ந்த ஒருவர் படித்துப் பார்க்காமல் பிரதியை வெளியே அனுப்பாதீர்கள்.

அறிகுறி: எல்லாப் பாத்திரங்களும் ஒரே குரலில் பேசுகின்றன

உரையாடல்களை மட்டும் தனியே எடுத்து, பேசுகிறவரின் பெயரை நீக்கிவிட்டு, யாரையாவது வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்கும் உங்களுக்கே யார் பேசுகிறார் என்று தெரியவில்லை என்றால் கீழ்க்கண்ட காரணங்களை வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, எழுத்துக்கூட்டல். ஒரே ஆள் ஒரு பக்கத்தில் 'வந்துட்டான்' என்றும் அடுத்த பக்கத்தில் 'வந்திட்டான்' என்றும் மூன்றாம் பக்கத்தில் 'வந்துவிட்டான்' என்றும் பேசினால் அவருக்கென்று ஒரு குரல் அமையாது. பேச்சுத்தமிழை எழுதுவதற்கு அனைவரும் ஏற்ற எழுத்துக்கூட்டல் இல்லையாகையால், பாத்திரத்துக்கு ஒரு தாள் வைத்து, அவர் அடிக்கடி சொல்லும் வினைகளை எப்படி எழுதப்போகிறீர்கள் என்று முடிவுசெய்து எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. சென்னையில் 'சொல்றேன்' என்பது நெல்லைப் பக்கத்தில் 'சொல்லுதேன்' ஆகும், கொங்கு நாட்டில் 'சொல்றனுங்க' ஆகும், யாழ்ப்பாணத்தில் 'சொல்லுறன்' ஆகும். இவற்றில் எதை எடுத்தாலும் கடைசிப் பக்கம் வரை அது அந்த ஆளை விட்டுப் போகக்கூடாது.

இரண்டாவது, விளிச்சொற்களும் மரியாதையும். அப்பாவின் தங்கையை அத்தை என்று அழைக்கும் வீடும் உண்டு, மாமி என்று அழைக்கும் வீடும் உண்டு. ஆனால் 10ஆம் பக்கத்தில் அத்தையாக இருந்தவர் 60ஆம் பக்கத்தில் மாமியாக மாறினால் வாசகர் அவரை இன்னொருவர் என்றே எண்ணுவார். 'நீ', 'நீங்க' ஆகியவற்றையும் இதேபோலப் பாருங்கள். கணவனை 'நீங்க' என்று அழைத்துவந்தவள் ஒரு காட்சியில் 'நீ' என்றால், அது அந்தக் காட்சியின் உச்சமாக இருக்க வேண்டும். தட்டச்சுத் தவறாக இருக்கக்கூடாது. இருவர் இருவராக எடுத்து, யார் யாரை எப்படி அழைக்கிறார் என்று ஒரு பட்டியல் போட்டால் அரைமணி நேரத்தில் இந்தச் சோதனை முடிந்துவிடும். புதிய எழுத்தாளர்கள் தவறாமல் செய்ய வேண்டிய ஒரே சோதனையைச் சொல் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, வாசகருக்காகப் பேசும் பேச்சு. "நம் அப்பா பத்து ஆண்டுகளுக்கு முன் மில் மூடப்பட்டபோது வேலை இழந்தது உனக்குத் தெரியும்தானே, தம்பி?" என்று எந்த அண்ணனும் கேட்பதில்லை. தெரிந்தவரிடம் தெரிந்ததைச் சொல்லும் வரிகளைக் கோடிட்டு, அந்தத் தகவலை உரையாடலிலிருந்து எடுத்துக் கதைசொல்லியிடம் கொடுத்துவிடுங்கள். கூடவே 'என்று முழங்கினான்', 'என்று கர்ஜித்தான்', 'என்று வினவினான்' ஆகியவற்றையும் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் 'என்றான்' போதும். இருவர் மட்டும் பேசும் இடத்தில் அதுவும் தேவைப்படாது.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் பேச்சு ஒட்டவில்லை என்றால், நீங்கள் கேட்டறியாத வட்டார வழக்கை எழுதியிருக்கிறீர்கள். அகராதியிலிருந்து வட்டாரச் சொற்களை மேலும் தூவினால் நோய் முற்றும். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் உரையாடல்களைப் படித்துக் காட்டி, அவர் முகம் சுளிக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் வழக்கைக் குறைத்து, ஒலிக்குறிப்பு அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

அறிகுறி: வாக்கியத்தை இரண்டு முறை படித்தால்தான் புரிகிறது

பெரும்பாலோர் உடனே 'வாக்கியம் நீளம்' என்று முடிவுகட்டி, அதை இரண்டாக உடைப்பார்கள். நீளமான வாக்கியம் நன்றாகவே புரியும். எது எதனோடு சேர்கிறது என்று தெரியாத வாக்கியம் நான்கே சொல்லில் இருந்தாலும் புரியாது.

'நேற்று ஊரிலிருந்து வந்த மாமாவின் மகன் கடையில் நின்றான்.' வந்தவர் மாமாவா, மகனா? நேற்று என்பது வந்ததற்கா, நின்றதற்கா? பெயரெச்சத்துக்குப் பின் இரண்டு பெயர்கள் வரிசையாக வந்தால் இந்தக் குழப்பம் வரும். 'மாமாவின் மகன் நேற்றுதான் ஊரிலிருந்து வந்திருந்தான்' என்று எச்சத்தை வினைமுற்றாக்கினால் தீர்ந்தது. சோதிக்கும் முறையும் எளிது: 'வந்த', 'சொன்ன', 'இருந்த', 'போன' ஆகிய எச்சங்களைத் தேடி, அவற்றுக்குப் பின்னால் வரும் இரண்டு சொற்களை மட்டும் பாருங்கள்.

அடுத்தது வினையெச்சம். 'கதவைத் திறந்து அம்மா அழுதுகொண்டிருந்தாள்' என்று ஒரு பிரதியில் இருந்தது. திறந்தவன் மகன், அழுதவள் அம்மா. எழுதியவரின் மனத்தில் மகன் இருந்ததால் அவருக்குப் பிழை தெரியவில்லை. எச்சத்தைச் செய்தவரும் முடிக்கும் வினையைச் செய்தவரும் ஒருவர்தானா என்று பார்த்து, இல்லையென்றால் 'திறந்தபோது' என்று மாற்றுங்கள். 'எழுந்து, முகம் கழுவி, சட்டையை மாட்டி, சைக்கிளை எடுத்து, தெருமுனைக்குப் போய்' என்று எச்சங்கள் சரம்சரமாகத் தொங்கினால், கதைக்குத் தேவையான ஒரு செயலை வைத்துக்கொண்டு மற்றவற்றை உதிர்த்துவிடலாம்.

மூன்றாவது, சுட்டுப்பெயர். 'முருகன் சேகரிடம் அவன் தம்பி வந்துவிட்டதாகச் சொன்னான்.' யாருடைய தம்பி? தமிழில் 'தன்' என்ற சொல் இருப்பதால் முருகனின் தம்பி என்றால் 'தன் தம்பி' என்று எழுதிவிடலாம். சேகரின் தம்பி என்றால் பெயரைத் திரும்பச் சொல்வதில் தவறில்லை.

அறிகுறி: பிழை இல்லை, ஆனால் மொழிபெயர்ப்பு போல் இருக்கிறது

'ஒரு' என்று தேடி எண்ணுங்கள். 'அவர் ஒரு நல்ல மனிதர்', 'அது ஒரு மழைநாள்' என்பவற்றிலிருந்து 'ஒரு'வை எடுத்துவிட்டுப் படித்தால் பொருள் குறைகிறதா? குறையாத இடங்களில் எடுத்துவிடுங்கள். அடுத்து 'மற்றும்': 'அரிசி, பருப்பு மற்றும் எண்ணெய்' என்பதை 'அரிசியும் பருப்பும் எண்ணெயும்' என்று எழுதத் தமிழில் உம்மை இருக்கிறது. அதன் பிறகு 'பட்டது', 'பட்டன' என்று முடியும் வாக்கியங்கள்: 'கடிதம் அவனால் எழுதப்பட்டது' என்பதில் எழுதியவன் யார் என்று தெரிந்திருக்கும்போது 'அவன் கடிதம் எழுதினான்' என்பதே போதும். 'பயணம் மேற்கொண்டான்' என்றால் போனான். 'முடிவினை எடுத்தாள்' என்றால் முடிவுசெய்தாள்.

உடல் உறுப்புகளையும் கவனியுங்கள். 'அவன் தன் கண்களைத் திறந்தான், தன் கைகளைக் கழுவினான்' என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. கண்ணைத் திறந்தான், கை கழுவினான். 'அவள் அழகிய புன்னகை ஒன்றை அவனுக்குக் கொடுத்தாள்' என்ற வரியையும் பார்த்திருக்கிறேன். அவனைப் பார்த்துச் சிரித்தாள் என்றால் முடிந்தது.

வாக்கியங்களின் ஓசை சலித்தால், ஒரு பக்கத்தில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் கீழ்க்கீழாக எழுதுங்கள். நின்றுகொண்டிருந்தான், பார்த்துக்கொண்டிருந்தான், யோசித்துக்கொண்டிருந்தான் என்று பட்டியல் நீண்டால், 'கொண்டிரு'வை நீக்கி 'நின்றான்' என்று வைத்துப் பாருங்கள். தமிழில் வினை இல்லாமலும் வாக்கியம் முடியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்: 'வாசலில் இரண்டு செருப்பு.'

இந்தத் திருத்தங்களுக்குப் பிறகும் அந்நிய வாடை போகவில்லை என்றால், சொற்களை மாற்றிப் பயனில்லை; காட்சியையே வேறு மொழியில் யோசித்திருக்கிறீர்கள். பிரதியை மூடிவைத்துவிட்டு, காட்சியை ஒருவரிடம் பேச்சில் சொல்லி, கைப்பேசியில் பதிவுசெய்து, கேட்டு எழுதுங்கள். எழுத்து நடைக்கு மாற்றுவதை அதன் பிறகு செய்துகொள்ளலாம்.

அறிகுறி: எத்தனை முறை திருத்தினாலும் எழுத்துப்பிழை தீரவில்லை

தேடலால் மட்டுமே தீர்க்கக்கூடியவற்றை முதலில் முடித்துவிடுங்கள். 'ட்', 'ற்' ஆகிய ஒற்றுகளை அடுத்து இன்னோர் ஒற்று வராது. எனவே 'ற்ச்', 'ற்ப்', 'ற்க்', 'ட்ச்', 'ட்ப்', 'ட்க்' ஆகிய ஆறையும் தேடினால் 'முயற்ச்சி', 'கற்ப்பனை', 'காட்ச்சி', 'வேட்க்கை' எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஆறு தேடல்களில் ஒரு நாவலின் கணிசமான பிழைகள் ஒழிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதன் பின் 'சுவற்றில்' என்று தேடிச் 'சுவரில்' ஆக்குங்கள். 'ஒவ்வொரு' என்று தேடி, அதற்குப் பின்னால் 'மாணவர்களும்' போன்ற பன்மை வந்தால் 'மாணவரும்' ஆக்குங்கள். 'பறவைகள் பறந்தது' போன்றவற்றைப் 'பறந்தன' ஆக்குங்கள்.

அடுத்தது மென்பொருள். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழைகளையும் நாவி சந்திப்பிழைகளையும் சுட்டிக்காட்டும். ஆனால் பணியும் பனியும், மணமும் மனமும், அறையும் அரையும், கூரையும் கூறையும் அகராதியில் உள்ள சொற்களே ஆகையால், இடம் தவறி வந்தால் கருவிகள் அவற்றைத் தப்பவிடக்கூடும். உங்களுக்குத் தடுமாறும் இணைகள் ஐந்தாறுதான் இருக்கும். அவற்றை எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

ஒற்று விஷயத்தில் முழு இலக்கணத்தையும் படித்துவிட்டுத்தான் திருத்துவேன் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 'ஐ', 'கு' உருபுகளுக்குப் பின் மிகும்: அவனைப் பார்த்தான், கடைக்குப் போனான். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகியவற்றுக்குப் பின் மிகும். 'பார்க்கப் போனான்' என்பதில் மிகும். 'படித்துப் பார்த்தான்' என்பதில் மிகும், 'செய்து பார்த்தான்' என்பதில் மிகாது. பெயரெச்சத்துக்குப் பின் மிகாது: வந்த பையன். இவை மட்டும் கைவந்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும். மிகையாக இடுவதும் பிழையே. 'தந்த பலகை' ஒருவர் கொடுத்த பலகை, 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் செய்தது.

'வாழ்த்துகள்' என்பதா 'வாழ்த்துக்கள்' என்பதா, 'ஓர் ஊர்' என்பதா 'ஒரு ஊர்' என்பதா என்று அறிஞர்களிடையே வழக்கு இருக்கும் இடங்களில் ஒன்றைத் தேர்ந்து பிரதி முழுவதும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். சொல்லைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்ற ஐயத்துக்கு, 1992இல் முதற்பதிப்பு வந்து பின்னர் விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பார்க்கலாம். எடுத்த முடிவுகளையெல்லாம் ஒரே தாளில் குறித்து வையுங்கள்.

பத்துப் பக்கத்தை இரண்டு முறை திருத்திய பிறகும், வேறொருவர் அதே பத்துப் பக்கத்தில் பக்கத்துக்கு மூன்று நான்கு பிழைகளைக் காட்டுகிறார் என்றால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் கண் பிரதிக்குப் பழகிவிட்டது. பணம் கொடுத்து மெய்ப்புப் பார்க்கச் சொல்ல வேண்டிய கட்டம் இது.

யாரிடம் எதைக் கொடுப்பது

மெய்ப்புத் திருத்துபவர் எழுத்தையும் ஒற்றையும் பார்ப்பார். உங்கள் கதை நடுவில் தொய்வதை அவரிடம் கேட்பது முறையன்று. அதற்குச் செம்மையாக்குநர் வேண்டும், அவருக்கான ஊதியமும் கூடுதல். இருவரிடமும் முதலில் பத்துப் பக்கத்தைக் கொடுத்து, திருத்திய மாதிரியைப் பார்த்த பிறகு முழுப் பிரதியையும் ஒப்படையுங்கள். செம்மையாக்குநரின் மாதிரியில் உங்கள் பாத்திரங்கள் அனைவரும் செந்தமிழில் பேசத் தொடங்கியிருந்தால் அவர் உங்கள் கதைக்குரியவர் அல்லர். மாற்றங்கள் தெரியும்படியே திருத்தித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் என்ன மாறியது என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆகும். வயதுக் கட்டம், விளிச்சொல் பட்டியல், எழுத்துக்கூட்டல் தாள் ஆகியவற்றையும் பிரதியோடு சேர்த்து அனுப்பினால், நீங்கள் வேண்டுமென்றே எழுதிய 'சொல்லுதேன்' பிழை என்று திருத்தப்படாமல் தப்பும்.

நாட்காட்டியையும் பாருங்கள். சென்னைப் புத்தகக் காட்சி வழக்கமாக ஜனவரியை ஒட்டி நடப்பதால், நவம்பர், டிசம்பரில் இந்த வேலை செய்கிற எவருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. அவசரத்தில் பார்க்கப்பட்ட பிரதி அவசரத்தில் பார்க்கப்பட்டது போலவே இருக்கும். ஜூன், ஜூலையில் கொடுங்கள்.

பக்கம் அமைத்து வந்த பிறகு மறுபடியும் ஒருமுறை முழுவதும் படிக்க வேண்டும், ஏனெனில் வடிவமைப்புக்காகச் சில இடங்களில் இன்னும் எழுத்துருவை மாற்றுகிறார்கள், அப்போது முதல் தலைப்பில் சொன்ன சிதைவுகள் திரும்பி வரும். பின்னட்டைக் குறிப்பையும் முதுகில் உள்ள உங்கள் பெயரையும் தனியே கேட்டு வாங்கிப் பாருங்கள். அவை பெரும்பாலும் கடைசி நாளில் தனிக் கோப்பாகத் தயாராகின்றன, மெய்ப்பு பார்ப்பவரின் கைக்கு வருவதேயில்லை.